இரண்டாம் பாகத்து உடும்பு

எந்த வேலைக்கும் என்னை இரண்டாம் முறை யாரும் கூப்பிட்டதில்லை. அதில் அவர்கள்மேல் தப்பும் இல்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறியவன் நான். பிறகு திருப்பூரில் சாயப்பட்டறை, மங்களூரில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற வேலை, ஹைதராபாத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிற வேலை. இடையில் எங்கே தூங்கினேன் என்று கேட்டால் யோசித்துச் சொல்ல வேண்டிய சில மாதங்களும் உண்டு. எந்த இடத்திலும் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை. சில இடங்களில் துரத்தினார்கள், சில இடங்களில் நானே சொல்லாமல் கிளம்பினேன். கல்யாணமாகி மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியேறிய பிறகும் வேலை மாறிக்கொண்டேதான் இருந்தது. வீடு மட்டும் மாறவில்லை. அதற்குக் காரணம் என் மனைவி.

அதனால், உடும்பு திரும்ப வருகிறது, நீ வந்து பேச வேண்டும் என்று போன் வந்தபோது, மந்தைவெளியில் பஸ்ஸுக்கு நின்றிருந்த நான் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

உடும்பு என்பது ஒரு கார்ட்டூன் படத்தில் வருகிற உடும்பு. வெளிநாட்டுப் படம். ஒரு ஒட்டகக் குடும்பம் பாலைவனத்தில் தண்ணீர் தேடி நடக்கிறது. அப்பா ஒட்டகத்தின் திமில்மேல் ஒரு உடும்பு ஏறிக்கொண்டு, இறங்கவே மாட்டேன் என்று கடைசிவரை உட்கார்ந்து வருகிறது. ஒரு வேலையும் செய்யாது. குறை மட்டும் சொல்லும். அந்தப் படத்தைத் தமிழில் பேசவைத்த ஸ்டூடியோ தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. கீழே ஜவுளிக் கடையின் குடோன், மேலே ஸ்டூடியோ. சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவரில் ஸ்பாஞ்ச் ஒட்டுகிற ஆசாரிக்கு உதவியாகத்தான் நான் முதலில் அந்த மாடிப்படி ஏறினேன். ஒட்டி முடித்த அன்று, படத்துக்குக் கும்பல் சத்தம் கொடுக்க ஒரு ஆள் குறைகிறது என்று என்னையும் மைக் முன்னால் நிறுத்தினார்கள். அதிலிருந்து வேலை இல்லாத நாளில் நானே போய் நிற்பேன், ஆள் குறைந்தால் சேர்த்துக்கொள்வார்கள். "பிடி அவனை" என்று கத்துவேன். சாவேன். எத்தனையோ படத்தில் எத்தனையோ விதமாகச் செத்திருக்கிறேன்.

உடும்புக்குப் பேச வேண்டியவர் ஒரு பிரபல நகைச்சுவை நடிகர். அவர் வருவதற்கு முன்னால், அவர் கேட்டுப் பழகிக்கொள்ள வேறு யாராவது முழுவதும் பேசி வைக்க வேண்டும். பெரிய பாடகருக்கு முன்னால் ஒருத்தர் ட்ராக் பாடி வைப்பார் அல்லவா, அதே மாதிரி. பாடகர் வந்ததும் ட்ராக்கைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்த வேலைக்கு என்னை நிறுத்தினார்கள்.

வசனம் எழுதிப் பேசவைக்கிற மேடம் மயிலாப்பூர்க்காரர், மாட வீதிப் பக்கம் பரம்பரையாக இருக்கிற குடும்பம். திரையில் வாய் மூடுகிற இடத்தில் ம, ப மாதிரி உதடு ஒட்டுகிற எழுத்து வர வேண்டும் என்பார். மேஜையில் விரலால் தட்டித் தட்டிக் கணக்குப் பார்த்துத்தான் ஒவ்வொரு வரியும் எழுதுவார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் மேடம் வாசிப்பார், நான் கேட்டுப் பேசுவேன். உடும்பு திமிலில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதால் பாதி நேரம் அதன் முதுகுதான் தெரியும். முதுகு தெரிகிற இடம் டப்பிங்கில் காலி மனை மாதிரி. வாய் தெரியாததால் யாரும் எதையும் கட்டலாம். சவுண்ட் என்ஜினியர் சிந்தாதிரிப்பேட்டை பாய், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருநாள் சொன்னார்:

"மச்சி, வெறும் முதுகு ஓடிக்கினு கீது. எதுனா அடிச்சு வுடேன்."

நான் என் வாயில் வந்ததைச் சொன்னேன். "இன்னா நைனா, நடக்குறியா, நடிக்கிறியா?" மேடம் சிரித்துவிட்டு, "இன்னொண்ணு சொல்லுங்கோ" என்றார். அப்படியே எல்லா முதுகையும் நிரப்பினோம். ட்ராக்தானே, தூக்கிப் போடத்தானே போகிறார்கள் என்று தைரியம்.

தூக்கிப் போடவில்லை. ட்ராக் முடிந்தது என்பதற்காக பாய் அந்த ஃபைலுக்கு "உடும்பு ஓகே" என்று பெயர் வைத்திருந்தார். எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்க்கிற இடத்தில் ஓகே என்றால் முடிந்துவிட்டது என்று எடுத்துச் சேர்த்துவிட்டார்கள். நடிகர் திங்கட்கிழமை வருவதாக இருந்தார். வேலை முடிந்ததென்று, ஒரு வாரம் தள்ளி வர வேண்டிய படத்தை அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே தியேட்டருக்கு அனுப்பிவிட்டார்கள். அவசரத்தில் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

எனக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சந்துப் பிள்ளைகள் ஒருத்தன் முதுகில் ஒருத்தன் ஏறிக்கொண்டு "நடக்குறியா, நடிக்கிறியா" என்று கத்தினார்கள். என் மனைவி தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தாள்.

"யோவ், நீ சொல்றதயே இதுங்க சொல்துங்க. நீ எதுனா சொல்லிக் குடுத்தியா?"

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். படம் ஓடியது. நடிகரும் பெருந்தன்மையாக, விடுங்கப்பா, நல்லாத்தானே இருக்கு என்று சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பண்டிகை லீவுக்கும் டிவியில் போட்டார்கள். என் பெயர் எங்கேயும் வராது. ஆனால் எங்கள் சந்தில் எல்லோருக்கும் தெரியும்.

நாலைந்து வருஷத்துக்குப் பிறகுதான் பாயின் அந்த போன். வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி ஆழ்வார்பேட்டையில் ஒரு மெஸ்ஸில் மாவு அரைக்கிறாள். சாயங்காலம் திரும்பும்போது கையெல்லாம் ஊறி வெளுத்திருக்கும். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அவங்களே கூப்ட்டாங்களா?"

"அவங்களேதான்."

"போனவாட்டி தப்பா வந்துச்சு. இந்தவாட்டி சரியா வர்ட்டும்."

மறுநாள் ஷேவ் செய்துகொண்டு போனேன். மேடம் என்னை உட்காரவைத்து விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டார்.

"உங்ககிட்ட மறைச்சுண்டு இருக்க எனக்குப் பிடிக்கலை. கம்பெனியில அதே நடிகரையே போட்டாச்சு. போஸ்டர்ல அவர் முகம், பக்கத்துல உடும்பு. நீங்க ட்ராக் மட்டும்தான். நான் கேட்டுப் பார்த்தேன். ஒத்துக்கலை."

பாய் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். நான் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கீழே இறங்கினேன். இந்த மாதிரி இடத்தில் நான் திரும்பிப் போகிறவன் இல்லை. கால் தானாக பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிடும். அன்றும் நடந்தது. தேனாம்பேட்டைக்குப் போகிற பஸ் ஒன்று வந்து நின்று போனது. நான் ஏறவில்லை. என் வாழ்க்கையில் என்னைத் திரும்பக் கூப்பிட்ட வேலை அது ஒன்றுதான். குரல் நிற்காது என்று தெரிந்துவிட்டது. குரல் போனாலும் இந்த இரண்டாம் பாகத்தில் என்னுடையது ஏதாவது ஒன்று நிற்க வேண்டும், அதுவும் தப்பாக இல்லாமல், தெரிந்து வைத்ததாக நிற்க வேண்டும் என்று தோன்றியது. மாடிப்படி ஏறினேன்.

இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்கு ஈடா என்று இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். துண்டு துண்டாக, ஒரே காட்சியைப் பத்துத் தடவை பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். இரண்டாம் பாகம் பெரிய படம். ஐந்து ஒட்டகம் இருந்த இடத்தில் ஐம்பது ஒட்டகம். ஒரு கழுதைப்புலி வில்லன், மணல் புயல், பாட்டு, மூச்சுவிட முடியாத ஓட்டம். நிறமெல்லாம் கண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் யாருக்கும் தாகம் எடுக்கவில்லை. முதல் பாகத்தில் அந்தச் சின்ன ஒட்டகம் உலர்ந்த நாக்கால் தன் மூக்கையே நக்கும். அந்த நாக்கை எனக்குத் தெரியும். அனந்தப்பூருக்கு அந்தப் பக்கம் லாரி நின்றுபோய், ரேடியேட்டருக்கு ஊற்றியது போக மிச்சமிருந்த தண்ணீரை டிரைவரும் நானும் மூடியில் ஊற்றிக் குடித்திருக்கிறோம். நாக்கு அப்படித்தான் ஆகும். முதல் பாகம் எடுத்தவர்களில் யாரோ ஒருத்தருக்குத் தாகம் தெரிந்திருந்தது. இரண்டாம் பாகத்தில் அந்த ஆள் இல்லை போலிருக்கிறது.

இன்னொரு குறையும் இருந்தது, அது நம் பக்கத்தில். முதல் படம் தமிழில் நன்றாக ஓடியதற்கு முதுகு வசனம்தான் காரணம் என்று கம்பெனியில் முடிவு செய்துவிட்டார்கள். ஒரு முதுகும் காலியாக வரக் கூடாது என்று உத்தரவு. எங்கிருந்தோ நாலு பேரை வைத்து, நான் அன்று வாயில் வந்ததைச் சொன்ன மாதிரியே எழுதி அனுப்பியிருந்தார்கள். வரிக்கு மூன்று இன்னா, இரண்டு கீது.

"மேடம், இப்டி யாரும் பேச மாட்டாங்க."

"நீங்கதானே பேசினேள்?"

"நான் எப்பனா ஒருவாட்டி இன்னான்னு கேப்பேன். எதிர்ல இருக்கிறவன் எதுனா பண்ணாத்தான் கேப்பேன். சும்மா சும்மா கேட்டா அடிப்பான்."

பாய் ஸ்பீக்கரில் சிரித்தார். "கரெக்ட்டு மேடம். எங்க ஏரியாவுல கேட்டுப் பாருங்க, உண்மையிலயே அடிப்பானுங்க."

மேடம் பென்சிலை எடுத்துச் சிலதை அடித்தார். மிச்சத்தை, மேலிடத்தில் ஒப்புதல் ஆனது என்று விட்டுவிட்டார். நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். வேறு ஒருத்தர் வந்து அழிக்கப்போகிற சுவரில் வரைகிற மாதிரி இருந்தாலும், கோடு கோணலாகப் போடவில்லை.

நாலாவது நாள் அந்தக் காட்சி வந்தது. அப்பா ஒட்டகத்துக்கு வயதாகிவிட்டது. இனி நடக்க முடியாது. கிணற்றடியிலேயே தங்கிவிடுகிறது. மூத்த பிள்ளை மந்தையை அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். உடும்பு கிழவனின் திமிலிலிருந்து இறங்கி, பிள்ளையின் திமிலில் ஏறிக்கொள்கிறது. வழக்கம்போலப் பின்பக்கம் பார்த்து உட்காருகிறது. மந்தை நகர்கிறது. நமக்கு உடும்பின் முதுகுதான் தெரிகிறது. அதற்கு அந்தப் பக்கம் கிழட்டு ஒட்டகம் நின்றுகொண்டே சின்னதாகி, ஒரு புள்ளியாகி, மணலோடு சேர்ந்துவிடுகிறது. ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும்.

அந்த முதுகுக்கு நாலு வரி எழுதியிருந்தார்கள். பிள்ளையின் திமில் மெத்தை மாதிரி இருக்கிறது, கிழவனுடையது கல்லு என்று ஒரு ஜோக். வழியில் பிரியாணி கிடைக்குமா என்று ஒரு ஜோக். மற்ற இரண்டும் அதே ரகம்.

மேடம் வாசித்துக் காட்டினார். காட்சி ஓடியது. நான் பேசவில்லை.

"மச்சி, மைக் வேலை செய்யலியா?" என்றார் பாய்.

"மைக் நல்லாத்தான் கீது."

மேடம் பேப்பரைப் பார்த்தார். "ஏன் பேசலை? நாலு வரி இருக்கே."

"இங்க அது பேசாது மேடம்."

"நிறைய பேசறதுதானே அதோட குணம்? அதுக்காகத்தானே எல்லாருக்கும் அதைப் பிடிச்சது?"

"ஒக்காந்துகினு வந்தா பேசும். வுட்டுட்டுப் போறப்ப பேசாது."

லாரியின் பின்பக்கம், தார்ப்பாய்மேல், எத்தனையோ ஊரை விட்டு நான் அப்படி உட்கார்ந்து போயிருக்கிறேன். திருப்பூரில் என்னோடு ஒரே பாயில் படுத்தவன் ரோடு முனைவரை வந்து நின்றான். ஹைதராபாத்தில் எனக்குச் சோறு எடுத்து வைத்த அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றாள். அவர்கள் சின்னதாகிப்போகிற வரை பார்த்துக்கொண்டேதான் போனேன். ஒரு முறைகூட ஒரு வார்த்தை வந்ததில்லை. இதையெல்லாம் ஸ்டூடியோவில் சொல்ல முடியாது. மணி ஓடுகிறது.

மேடம் அந்த முதுகை இன்னொரு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "ரெண்டு விதமா எடுத்துண்டுடலாம். முதல்ல எழுதியிருக்கறதைப் பேசுங்கோ. அப்புறம் உங்க இஷ்டம்" என்றார்.

எழுதியிருப்பதை முதலில் பேசினேன். வேண்டுமென்று கெடுக்கவில்லை. பிரியாணி வரிக்கு பாயே சிரித்தார்.

அடுத்தது என்னுடையது. பேசவில்லை என்றாலும் சும்மா நிற்கவும் முடியாது. முற்றிலும் சத்தமில்லாமல் விட்டால் படம் செத்துப்போன மாதிரி இருக்கும். அந்த முதுகை நன்றாகப் பார்த்தேன். வரைந்தவன் கைகாரன். விலா எழும்பி இறங்குவது தெரிந்தது. முதலில் நீளமாக ஒன்று, பிறகு இடைவெளி, பிறகு குட்டை குட்டையாக இரண்டு, கடைசியில் ஒன்று பாதியில் நிற்கிறது. இத்தனை நாள் உதட்டுக்குப் பேசினோம். அன்று முதுகுக்கு மூச்சு விட்டேன். மைக்கைக் கீழே இறக்கச் சொல்லி, தரையில் குந்திக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு எடுத்தேன். மூன்றாவது தடவை முதுகும் மூச்சும் ஒன்றாக விழுந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாய் கட்டை விரலைக் காட்டினார். மேடம் பேப்பரில் ஏதோ குறித்தார். என்ன குறித்தார் என்று படிக்க எட்டிப் பார்த்தேன். இங்கிலீஷில் இருந்தது.

அத்தோடு என் வேலை முடிந்தது. நடிகர் வந்தபோது என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. நான் அடையாறில் ஒரு பழைய கட்டடத்துக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்கிற கும்பலோடு சேர்ந்துவிட்டேன். மொட்டை மாடியில் வெயிலில் கெமிக்கல் தேய்க்கிற வேலை. முழங்கை வரை தோல் உரிந்தது. தேனாம்பேட்டை சிக்னலில் பெரிய போஸ்டர் வந்தது. நடிகர் கைகட்டிச் சிரிக்கிறார், தோளில் உடும்பு. என் மனைவி பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டு வந்து சொன்னாள்:

"உன் உடும்ப அந்தாளு தோள்ல தூக்கி வச்சுக்கினு கீறான்யா."

"கூலிக்குத் தூக்கறான், வுடு."

"அந்தாளு பேசினா நான் பாக்க மாட்டேன்."

பார்த்தாள். வெளியான ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு ராயப்பேட்டைப் பக்கம் ஒரு மாலுக்கு இரண்டு பேரும் போனோம். நான் அந்த ஒரு காட்சியைப் பற்றி அவளிடம் வாயே திறக்கவில்லை. எந்த விதத்தை வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டு, இல்லை என்று பதில் வந்தால் தியேட்டருக்குப் போயிருக்க மாட்டேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். நடிகர் நன்றாகப் பேசியிருந்தார். என்னைவிட நன்றாகப் பேசிய இடங்கள் உண்டு. நான் கொஞ்சம் அவசரப்படுவேன். அவர் எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று தெரிந்தவர். ஆனால் மேடம் அடிக்காமல் விட்ட இன்னாவையும் கீதுவையும் அவராலும் காப்பாற்ற முடியவில்லை. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். போகப் போகத் தின்பதில் மும்முரமாகிவிட்டார்கள். என் மனைவி கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

கிணற்றடி வந்தது. உடும்பு கிழவனின் திமிலிலிருந்து இறங்கியது. பிள்ளையின் திமிலில் ஏறித் திரும்பி உட்கார்ந்தது. பிரியாணி வரப்போகிறது என்று பல்லைக் கடித்தேன்.

வரவில்லை. மணலில் கால் பதிகிற சத்தம் வந்தது. பிறகு ஒரு நீளமான மூச்சு. இடைவெளி. குட்டையாக இரண்டு.

முன்வரிசையில் ஒரு குழந்தை, "ம்மா, உடும்பு ஏன் பேசல?" என்று கேட்டது. அதன் அம்மா, "ஷ், பாரு" என்றாள். அத்தனை பெரிய ஹாலில் தின்கிற சத்தம் நின்றுபோனது. கடைசி மூச்சு பாதியில் நின்றது. கிழட்டு ஒட்டகம் மணலோடு மணலாகப் போனது.

என் மனைவி என் முழங்கையை, அதுவும் உரிந்த இடத்தில், பிடித்தாள்.

"இது நீ."

"எப்டி சொல்ற? பேசவே இல்லியே."

"பதினாறு வருசமா பக்கத்துல கேட்டுக்கினு கீறேன். எனக்குத் தெரியாதா?"

அடுத்த காட்சியில் கழுதைப்புலி வந்துவிட்டது, ஓட்டமும் பாட்டும் ஆரம்பமாகிவிட்டன. எனக்குத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. மிச்சப் படத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன்.

வெளியே வந்ததும் பாய்க்கு போன் போட்டேன்.

"பாய், அந்த மூச்சு. அதுவும் ஃபைல் மாறிப்போய் வந்துச்சா?"

"அரே, இல்ல மச்சி. நடிகருக்கு ரெண்டையும் போட்டுக் காமிச்சோம். இங்க நான் பேசினா ஜனங்க என்னைத் திட்டும், இதையே வைங்கன்னாரு. மூச்ச மட்டும் அவரு எடுத்துப் பாத்தாரு, நாலுவாட்டி. முதுகோட ஒக்காரல. அவரே வேணாம்னுட்டாரு. கம்பெனிக்காரங்க ஜோக் எங்கன்னு கத்தினாங்க. மேடம் என் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவ? டிக்கெட் எடுக்காம கதை கேப்ப."

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள், மேடமே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார் என்று. அவள் ரோட்டைக் கடந்தாள். ஆட்டோ வேண்டாம் என்று மயிலாப்பூர் வரை நடந்தோம். பாதி தூரம் வந்த பிறகு வாயைத் திறந்தாள்.

"ரெண்டாவது படந்தான் ஒஸ்தி."

"போமே. மொதல் படத்துல கால்வாசி வராது. இதுல யாருக்காவது தாகம் எடுத்துச்சா?"

"தாகத்த வச்சு இன்னா பண்றது? மொதல்ல நீ வாயி ஓயாம பேசின. அத நான் தெனம் வூட்ல கேக்குறேன். இதுல அத்தினி பேரையும் வாய மூட வச்ச இல்ல?"

"ஒரு நிமிசம் மே. ரெண்டு மணி நேரப் படத்துல ஒரே ஒரு நிமிசம்."

"ஒரு நிமிசம் போதும்யா" என்றாள் அவள். வீடு வந்து சேருகிற வரை நான் முதல் படத்துக்காகவும் அவள் இரண்டாம் படத்துக்காகவும் சண்டை போட்டுக்கொண்டே வந்தோம். நான் சொன்னதுதான் நியாயம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அன்று ஜெயிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.